தினமும் காலையில் கேஸ் மாத்திரை: எத்தனை வருடம் தொடரலாம்?

வைகைக்கரை | ஞாயிறு, காலை 10.12

வணக்கம். அப்பாவுக்கு வயது 58. தேனிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கே பாய்லர் முன்னால் நின்றாக வேண்டும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்று போனபோது பல வருடங்களுக்கு முன் ஒரு டாக்டர் பேன்டோபிரசோல் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. மாத்திரை மட்டும் இன்றுவரை தொடர்கிறது. மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்கி வைத்துக்கொண்டு எழுந்ததும் ஒன்று போடுகிறார், பின்னாலேயே ஒரு டீ. போடாத நாளில் எரிச்சல் இரண்டு மடங்காக வருகிறது என்கிறார்.

இதைப் போட்டுக்கொண்டே இருந்தால் கிட்னி போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து அம்மா பயந்துபோயிருக்கிறார். உடனே நிறுத்தச் சொல்லலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீரகத்தண்ணீர் | ஞாயிறு, காலை 10.40

தம்பி, எங்கள் வீட்டில் சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர், வாரம் இரண்டு நாள் மணத்தக்காளிக் கீரை. வாயுத் தொல்லைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கு முடிக்கச் சொல்லுங்கள். மாத்திரையை மெல்ல விட்டுவிடலாம்.

மருந்துச்சீட்டு | ஞாயிறு, காலை 11.25

திருச்சியில் மருந்துக்கடை நடத்துகிறேன், பி.ஃபார்ம் படித்தவன். வைகைக்கரை, நிறுத்துவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து நான் கேட்பதையெல்லாம் கேட்டுச் சொல்லுங்கள்.

மூட்டுவலி, இடுப்புவலி, தலைவலி என்று வேறு ஏதாவது மாத்திரை போடுகிறாரா? எடை குறைந்திருக்கிறதா? சாப்பாடு விழுங்கும்போது நெஞ்சில் நிற்கிறதா? வாந்தி? முன்பு சாதாரணமாகச் செய்த வேலைக்கு இப்போது மூச்சு வாங்குகிறதா? மலம் என்ன நிறத்தில் போகிறது? கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எதற்குக் கேட்கிறேன் என்றால், பேன்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும். நல்ல மருந்து, தேவைப்பட்டவர்களுக்கு உயிர் காக்கும் மருந்து. ஆனால் எரிச்சல் ஏன் வந்தது என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது. என் கடைக்கு வருகிறவர்களில் பலர் அட்டையைக் காட்டி “இதே மாதிரி ரெண்டு அட்டை” என்பார்கள். எதற்காக ஆரம்பித்தது என்று கேட்டால் “கேஸ்” என்பார்கள். எதுக்களிப்பு, குடல் புண், பித்தப்பைக் கல், பால் ஒத்துக்கொள்ளாமை, மலச்சிக்கல், சில நேரம் இதய வலி என எல்லாவற்றுக்கும் அதே பதில்தான், அதே மாத்திரைதான்.

இன்னொன்று, ‘டி’ சேர்ந்த மாத்திரை வாங்குகிறாரா என்று அட்டையைப் பாருங்கள். அதில் டோம்பெரிடோன் கூட இருக்கும். குமட்டல், வாந்திக்கு நாலு நாள் போடும் மருந்து அது. இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்க வாய்ப்பு உண்டு என்பதால் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-லேயே, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் அதை வருடக்கணக்கில் போடுகிறார்கள்.

வைகைக்கரை | ஞாயிறு, மதியம் 1.50

கேட்டேன் சார். முட்டிவலிக்கு மாத்திரை போடுகிறார், எங்களுக்குத் தெரியாது. பக்கத்துக் கடையில் காகிதத்தில் மடித்துத் தருகிறார்களாம், மூன்று நிறத்தில் மூன்று. நாள் முழுக்க நின்றால் வலிக்கிறது, அதைப் போட்டால்தான் வியாபாரம் பார்க்க முடிகிறது என்கிறார்.

விழுங்குவதில் சிரமம் இல்லை, வாந்தி இல்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முகம் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறது, வயசாகிறது என்று விட்டுவிட்டோம். மலம் கொஞ்ச நாளாகக் கருப்பாகப் போகிறதாம். கீரை சாப்பிட்டதால் இருக்கும் என்கிறார்.

ஸ்டெத் | ஞாயிறு, மதியம் 2.05

வைகைக்கரை, நான் மருத்துவன், இரைப்பை குடல் பிரிவில் மேற்படிப்பு. இதைப் படித்ததும் அப்பாவைக் கிளப்புங்கள். நாளைக் காலை ஓ.பி.க்குப் போகலாம் என்று வைக்காதீர்கள், இன்றே அவசரப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரி. உங்கள் பக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கேயே போகலாம். தலைசுற்றல், வியர்வை, படபடப்பு இருந்தால் பைக்கில் உட்கார வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த மூன்று நிற மாத்திரையில் ஒன்றுகூட இனி வேண்டாம். மிச்சம் இருப்பதைக் காகிதத்தோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

மலம் தார் மாதிரி கருப்பாக, பிசுபிசுப்பாக, வழக்கத்தைவிட மோசமான நாற்றத்தோடு போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசியும் ரத்தம் குடல் வழியாக வருவதற்குள் கருத்துவிடும். சிவப்பாக வராததால் யாருக்கும் ரத்தம் என்றே தோன்றாது. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கருக்கும், ஆனால் தார் போல ஒட்டாது. அப்பா இரும்பு மாத்திரை எதுவும் போடவில்லை என்றால் கீரையின் மேல் பழி போடாமல் கிளம்புங்கள்.

வைகைக்கரை | ஞாயிறு, மதியம் 2.11

கிளம்புகிறோம் சார்.

வார்டு_சிஸ்டர் | ஞாயிறு, மாலை 6.30

பணி ஓய்வு பெற்ற செவிலி நான். பிள்ளை போய்ச் சேர்ந்திருக்கும். நல்ல செய்தி வரட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அறுவை சிகிச்சை வார்டில் எந்நேரமும் வயிற்றுப்புண் நோயாளிகள் இருப்பார்கள். புண் ஆறி, தழும்பாகி, இரைப்பையின் வாசலையே அடைத்துவிடும். அப்படி அடைத்தவர்கள் வாந்தி எடுத்தால் முந்தின நாள் மதியம் சாப்பிட்ட சோறு பருக்கை பருக்கையாகக் கிண்ணத்தில் விழும், பித்தத்தின் மஞ்சள் துளிகூட இருக்காது. வயிற்றை லேசாகக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் எங்கள் காதுக்கே கேட்கும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு மூன்று நான்கு நாள் கழுவிச் சுத்தம் செய்த பிறகுதான் ஆபரேஷன். குடலை இழுத்து இரைப்பையோடு தைப்பார்கள், அமிலத்தைத் தூண்டும் நரம்பையும் வெட்டுவார்கள். அப்போது தென்னிந்தியாவில் இந்த ஆபரேஷன் அவ்வளவு சாதாரணம். இப்போது படிக்கும் டாக்டர்களில் பலர் அதைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அவ்வளவு பேரின் வயிற்றைக் கத்தியிலிருந்து காப்பாற்றியது இந்த மாத்திரைகள்தான். அதனால் மாத்திரையே விஷம் என்று சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எதற்கு என்று தெரியாமல் விழுங்குவதைப் பார்த்தாலும் அதே கோபம் வருகிறது.

கொங்குத்தறி | ஞாயிறு, இரவு 8.15

மருந்துச்சீட்டு அண்ணன் இதய வலியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார். எங்கள் குடும்பத்தில் அது நடந்தது. என் சித்தப்பா, சர்க்கரை நோயாளி. தறிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மேல்வயிறு கனக்கிறது, ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்றார். கோலி சோடா வாங்கிக் குடித்தார். ஏப்பமும் வந்தது. கொஞ்சம் தேவலை என்று பாய் விரித்துப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. சட்டை முழுக்க வியர்வை நனைந்திருந்தது என்று கூட இருந்தவர்கள் அப்புறம் சொன்னார்கள்.

எது கேஸ், எது ஹார்ட் அட்டாக் என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது டாக்டர்?

ஸ்டெத் | ஞாயிறு, இரவு 9.02

வருத்தமாக இருக்கிறது அண்ணே. நேர்மையான பதில்: வீட்டில் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. இதயத்தின் கீழ்ப்புறச் சுவருக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு வந்தால் வலி மேல்வயிற்றிலேயே தெரியலாம், குமட்டலும் வாந்தியும் சேர்ந்து வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே சரியாகத் தெரியாமல் போகலாம். ஏப்பம் வந்ததும் கொஞ்சம் லேசானது என்பதை வைத்து இதயம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

நாற்பது வயதைத் தாண்டியவர், அல்லது சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகைப்பழக்கம் உள்ளவர், இதுவரை இல்லாத மாதிரி மேல்வயிறு கனம், கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, நடந்தால் அதிகமாகும் வலி என்றால் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வலி நிற்காவிட்டால் மறுபடி எடுப்பார்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் அளவையும் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினால் நிம்மதியாக வாருங்கள். வீணாக வந்தாய் என்று எந்த நல்ல டாக்டரும் திட்டமாட்டார்.

வைகைக்கரை | செவ்வாய், இரவு 9.20

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 7.8-தான் இருந்தது, ரொம்பக் குறைவாம். அன்றே அட்மிட் செய்து ரத்தம் ஏற்றினார்கள். நேற்று எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்த்தார்கள். முன்சிறுகுடலில் புண், அதிலிருந்துதான் கசிவு. உள்ளேயே ஊசி போட்டு, கிளிப் வைத்து நிறுத்திவிட்டார்கள். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்தார்கள், கொஞ்சம் குமட்டியது, மற்றபடி பயந்த அளவுக்கு இல்லை என்று அப்பா சொல்கிறார்.

ஒரு துளிச் சதையை எடுத்து மஞ்சளாக இருந்த ஒரு பொருளில் வைத்தார்கள், அது இளஞ்சிவப்பாக மாறியது, கிருமி இருக்கிறது என்றார்கள். ஆன்டிபயாட்டிக் 14 நாள். இந்தக் கிருமி எப்படி வந்திருக்கும்? கடைத் தண்ணீரா?

சீரகத்தண்ணீர் | செவ்வாய், இரவு 9.48

அப்பா தப்பித்தார், அதுவே போதும் தம்பி. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். வயிற்றுப்புண் வருவது காரத்தாலும் நேரத்துக்குச் சாப்பிடாததாலும்தானே? இத்தனை அமிலம் இருக்கும் இடத்தில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும்?

ஸ்டெத் | செவ்வாய், இரவு 10.35

ஐயா, உலகம் முழுக்க மருத்துவர்களே உங்களை மாதிரிதான் கேட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் 1980-களின் தொடக்கத்தில் நோயாளிகளின் இரைப்பைச் சதையில் சுருள் வடிவக் கிருமி ஒன்றைத் தொடர்ந்து பார்த்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்பது அதன் பெயர். யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தை மட்டுப்படுத்திக்கொள்ளும். வைகைக்கரை பார்த்த நிற மாற்றமும் அந்த அம்மோனியாவால் வந்ததுதான்.

பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்துவிடும். அதனால் கடைத் தண்ணீரை நினைத்துக் குழம்ப வேண்டாம். இந்தியாவில் பாதிப்பேருக்கு மேல் இது இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதே இல்லை. உங்கள் அப்பாவுக்குக் கிருமியோடு வலி மாத்திரையும் சேர்ந்துவிட்டது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை வலியை உண்டாக்கும் பொருளைத் தடுக்கும்போதே இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலம் சுரப்பதையும் தடுக்கின்றன. சாப்பிட்ட பிறகு போட்டாலும், ஊசியாகப் போட்டாலும் அந்தப் பாதிப்பு உண்டு. காகிதத்தில் மடித்துத் தரும் கலவையில் சில இடங்களில் ஸ்டீராய்டும் இருக்கும், அப்போது ஆபத்து இன்னும் கூடும்.

காரம் புண்ணை உண்டாக்காது. இருக்கிற எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவுதான். சாதாரண அஜீரணத்துக்கு உங்கள் சீரகத் தண்ணீரையும் மோரையும் நான் குறை சொல்லமாட்டேன், எங்கள் வீட்டிலும் உண்டு. சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதை மட்டும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் விட்டுவிட வேண்டும்.

வைகைக்கரை, 14 நாள் மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் முடிக்கச் சொல்லுங்கள். வாய் கசக்கும், பேதி ஆகலாம், பாதியில் நிறுத்தினால் அடுத்த முறை அதே மருந்து கேட்காமல் போகலாம். முடித்து நான்கு வாரம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். அதற்கு முன் இரண்டு வாரம் அமில மாத்திரை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். அப்பாவுக்கு ரத்தம் கசிந்திருப்பதால் எப்போது நிறுத்துவது என்பதை அங்கே பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். முட்டிவலிக்கு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். பாராசிட்டமால், தொடைத் தசைக்கான பயிற்சி, கடையில் உட்கார ஒரு உயரமான ஸ்டூல் என்று ஆரம்பிக்கலாம்.

இரவுப்பணி | புதன், அதிகாலை 2.40

வயது 29, சென்னையில் ஐ.டி. எனக்குப் பிரச்சினை வேறு. ஆபீஸ் கிளம்பும்போதுதான் வயிறு முறுக்கும், இரண்டு மூன்று தடவை போனால் வலி விட்டுவிடும். சில நாள் பேதி, சில நாள் ஒன்றுமே போகாது. ஸ்கேன், ரத்தம், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல். “உனக்கு ஒன்றும் இல்லை” என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றும் இல்லாமல் ஏன் சார் வலிக்கிறது?

ஸ்டெத் | புதன், மாலை 7.10

ஒன்றும் இல்லை என்று சொன்னது தவறு. வலி உண்மை. நீங்கள் சொல்வது குடல் எரிச்சல் நோய்க்குறிக்கு, அதாவது ஐ.பி.எஸ்.-க்குப் பொருந்துகிறது. குடலுக்கும் மூளைக்கும் நடுவே நரம்புகள் வழியாக ஓயாமல் பேச்சு நடக்கிறது. அந்தத் தொடர்பு மிகையாகக் கூர்மை அடைந்துவிட்டால் சாதாரண வாயுவும் அசைவும்கூட வலியாகத் தெரியும். ஸ்கேனில் அது தெரியாது. குடல் கிருமித் தொற்று ஒன்று வந்துபோன பிறகு சிலருக்கு இது ஆரம்பிக்கும், தூக்கம் கெட்டால் கூடும். உங்கள் வேலை நேரமே அதற்குத் தீனி போடுகிறது.

பாலை நிறுத்திப் பாருங்கள். தென்னிந்தியாவில் பெரும்பாலான பெரியவர்களுக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், நுண்ணுயிர்கள் அதில் பாதி வேலையை முடித்துவிடுகின்றன. அதற்கும் கேட்காவிட்டால் வெங்காயம், பூண்டு, காலிஃபிளவர், பருப்பு வகைகளைச் சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்கும் முறை இருக்கிறது. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. சாம்பாரும் ரசமும் இல்லாமல் நாம் எத்தனை நாள் இருக்க முடியும்? அதனால் உணவியல் நிபுணர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள், எல்லாவற்றையும் காலம் முழுக்க ஒதுக்கிவிடாதீர்கள்.

தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, எடை குறைவு, மலத்தில் ரத்தம், மாலையில் காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் ஐ.பி.எஸ். என்ற பெயரை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி வாருங்கள். நம் நாட்டில் குடல் காசநோய் இன்னும் இருக்கிறது, ஆரம்பத்தில் அது எல்லாவற்றையும் போல நடிக்கும்.

பெயரிலி | வியாழன், இரவு 10.05

பெயர் போட விருப்பம் இல்லை. வயது 46, ஜவுளிக்கடையில் வேலை. சில மாதங்களாக மலம் கழிக்கும்போது ரத்தம் வருகிறது. மூலம் என்று நினைத்து விளம்பரத்தில் பார்த்த லேகியம் சாப்பிட்டு வருகிறேன். ஆண் டாக்டரிடம் போகக் கூச்சமாக இருக்கிறது. காட்டத்தான் வேண்டுமா?

வார்டு_சிஸ்டர் | வியாழன், இரவு 10.31

அம்மா, கட்டாயம் காட்ட வேண்டும். பெரும்பாலும் மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும், அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பார்க்காமல் மூலம் என்று யாராலும் சொல்ல முடியாது. பெருங்குடல் புற்றுநோயும் இதே மாதிரி ரத்தத்தோடு தொடங்கலாம், சீக்கிரம் பிடித்தால் குணப்படுத்தக்கூடியது. மலம் போகும் வழக்கம் மாறியிருக்கிறதா, போய் வந்த பிறகும் இன்னும் இருப்பது போலத் தோன்றுகிறதா, ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். உங்கள் வயதுக்கு, பெருங்குடலைக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்யச் சொல்லலாம். பெண் டாக்டர் வேண்டும் என்று ஓ.பி. சீட்டு போடும்போதே கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. பரிசோதனை செய்யும்போது ஒரு செவிலி உங்கள் பக்கத்தில் இருப்பார்.

ஜவுளிக்கடை என்கிறீர்கள். கழிப்பறைக்கு விடமாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் நிற்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மலத்தை அடக்கி அடக்கி மலச்சிக்கல், அதிலிருந்து மூலம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே வந்துவிட்டது. கழிப்பறைக்குப் போய் வருவதற்கு யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை, அம்மா.

பெயரிலி | வியாழன், இரவு 10.44

சனிக்கிழமை லீவு கேட்டிருக்கிறேன் சிஸ்டர். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சீரகத்தண்ணீர் | வெள்ளி, காலை 7.30

மருந்துச்சீட்டு தம்பிக்கு ஒரு கேள்வி. என் வீட்டுக்காரம்மாவும் இரண்டு மூன்று வருடமாக இதே அமில மாத்திரை போடுகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் உண்டு. வலி மாத்திரை கிடையாது, எண்டோஸ்கோபி போன வருடம் எடுத்தது, நார்மல். டாக்டரே விட்டுவிடலாம் என்றார். நிறுத்தினால் இரண்டாம் நாளே நெஞ்செரிச்சல். எப்படித்தான் விடுவது?

மருந்துச்சீட்டு | வெள்ளி, காலை 9.15

ஐயா, ரொம்ப நாள் அடக்கி வைத்த அமிலம், மாத்திரையைத் திடீரென்று விட்டதும் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். சில வாரங்களில் தானாக அடங்கும். அதை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துத்தான் பலர் மறுபடி அட்டை வாங்குகிறார்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டு முதலில் அளவைப் பாதியாக்கி இரண்டு வாரம், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், நடுவில் எரிந்தால் ஜெலுசில் மாதிரி அமிலத்தை மட்டுப்படுத்தும் திரவம் ஏதாவது ஒன்று என்று இறக்கலாம். மாத்திரை போடும் நாளில் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். போட்டுவிட்டு வெறும் காபியோடு பதினொரு மணிவரை இருந்தால் மருந்து முழுசாக வேலை செய்யாது.

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடச் சொல்லுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் காலுக்கொரு செங்கல் வைத்துத் தலைப்பக்கத்தை உயர்த்தலாம். இரண்டு தலையணை வைப்பதால் வயிறு மடங்கி எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவதும் அமிலத்தை மேலே தள்ளும்.

அப்புறம் வைட்டமின் பி12 அளவு ஒரு தடவை பாருங்கள். மெட்ஃபார்மின், அமில மாத்திரை இரண்டுமே அதைக் குறைக்கும். சைவச் சாப்பாடு என்றால் இன்னும் குறையும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையால் என்று விட்டுவிடுவார்கள், பி12 குறைவாலும் அது வரும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போடுகிறவர்களுக்கும், ஏற்கெனவே புண்ணில் ரத்தம் கசிந்தவர்களுக்கும் இந்த மாத்திரையைக் காவலுக்காகவே எழுதியிருப்பார்கள். அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.